‘வட்டார வழக்கு’ என்று எதைச் சொல்கிறார்கள்?

தலித் எழுத்தைப் பற்றிப் பேச வருகிற விமர்சகர்கள் முதலில் கையில் எடுப்பது ஒரு சொல்லைத்தான்: வட்டார வழக்கு. நாவல் ஒன்று வந்தால் ‘இன்ன வட்டார வழக்கில் எழுதப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி. ‘மண்வாசனை வீசுகிறது’ என்று அடுத்த வரி. ‘சில சொற்களுக்குக் கடைசியில் பொருள் கொடுத்திருக்கலாம்’ என்று மூன்றாவது வரி. அத்தோடு மொழி பற்றிய விமர்சனம் முடிந்துபோகும். பிறகு கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு என்று போய்விடுவார்கள்.

இந்தச் சொல்லை இப்படியே விட்டுவிடக் கூடாது. வட்டாரம் என்று சொன்னதும் மண், மழை, பயிர், தூரம் இதெல்லாம்தான் பேச்சை வேறுபடுத்துகின்றன என்பதுபோல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. திருநெல்வேலிக்காரர் ஒரு மாதிரிப் பேசுவார், கோயமுத்தூர்க்காரர் ஒரு மாதிரிப் பேசுவார், அவ்வளவுதானே என்று ஆகிவிடுகிறது. அந்தத் திருநெல்வேலிக்குள்ளே, அந்தக் கோயமுத்தூருக்குள்ளே யார் யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று காலங்காலமாக வகுத்து வைத்திருக்கிற ஏற்பாடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. சாதியை நிலப்படத்துக்குள் ஒளித்துவைக்கிற வேலையைத்தான் இந்தச் சொல் செய்கிறது என்பது என் வாதம்.

நான் இருப்பது கொடைக்கானல் மலையில், பேத்துப்பாறையில். கீழே வத்தலக்குண்டு, திண்டுக்கல், தேனிப் பக்கமிருந்து கூலிவேலைக்கு ஏறிவந்த எங்களைப் போன்ற குடும்பங்கள் இருக்கின்றன. காடு தோட்டம் வாங்கிக் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். மலையின் பழைய ஆட்களான பளியர், புலையர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே மழை, ஒரே பனி, ஒரே பஸ்ஸு, யானை இறங்கினால் ஒரே பயம். வட்டாரம்தான் பேச்சை உண்டாக்குகிறது என்றால் இங்கே ஒரே பேச்சுதானே இருக்க வேண்டும்? எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பூண்டுக்கு அது சரி. பூண்டு யார் தோட்டத்தில் விளைந்தாலும் பூண்டுதான். மனுசன் பேச்சுக்கும் அதே மாதிரி ஒரு சீட்டை ஒட்டினால் எப்படி?

ஒரு பீன்ஸ் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். காய் பறிக்கிற ஆள், மூடை தைக்கிற ஆள், எடை போடுகிற ஆள், தோட்டக்காரர், அவர் மகன், வண்டி டிரைவர் என்று பத்துப்பேர் நிற்கிறார்கள். மூடை, எடை, கழிவு, வாடகை, கூலி எல்லாம் பத்துப்பேருக்கும் ஒரே சொல்தான். அகராதி போடுகிறவர் வந்தால் ‘இது இந்த வட்டாரச் சொல்’ என்று எழுதிக்கொண்டு போவார். ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் வேறொன்று கேட்கும். பதினைந்து வயசுப் பையன் அறுபது வயசுக் கூலிக்காரரைப் பார்த்து, ‘ஏய், அந்த மூடைய இங்க கொண்டா’ என்பான். பெரியவர், ‘இந்தா வந்துட்டேன் சின்ன மொதலாளி’ என்பார். அந்தப் பையனே டிரைவரைப் பார்த்து ‘வாங்கண்ணே, டீ சாப்பிடுங்க’ என்பான். ‘கொண்டா’வும் தமிழ்தான், ‘சாப்பிடுங்க’வும் தமிழ்தான். ஒரே வாய், ஒரே நிமிசம். எந்த வினைக்கு எந்த வால் ஒட்டும் என்பதை முடிவு செய்தது மண்ணா, மழையா?

இந்த ‘ங்க’ என்கிற ஒற்றை விகுதிக்குள்ளே ஒரு ஊரின் முழு நிலவரமும் அடங்கியிருக்கிறது. யாருக்கு ‘வாங்க’, யாருக்கு ‘வா’, யாருக்கு ‘ஏய்’ என்று ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தால் போதும். நிலம் யாரிடம், கோவில் யாரிடம், தண்ணிக்குழாய் யார் தெருவில் என்று அதிலிருந்தே எழுதிவிடலாம். சமூகம் எப்படி இருக்கிறதோ அப்படிப் பேச்சு இருக்கிறது என்று மட்டும் இதற்குப் பொருள் இல்லை. தினம் காலையில் அந்தப் பையன் ‘ஏய்’ என்று கூப்பிடுவதும் அந்தப் பெரியவர் ‘மொதலாளி’ என்று திரும்புவதும்தான் அந்த ஊரை மறுபடி மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறது. ஒருநாள் அவர் திரும்பவில்லை என்றால் என்ன நடக்கும் என்று நம்மாளுகளுக்குத் தெரியும். கூலி நிற்கும். அதற்கு மேலும் நடக்கும்.

‘ஊர்’ என்கிற சொல்லைப் பாருங்கள். எங்கம்மா, ‘ஊருக்குள்ள போயிட்டு வர்றேன்’ என்று சொல்வாள். எந்த ஊருக்கு? அவள் இருப்பதும் அந்த ஊரில்தான், ரேசன் அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் அந்த ஊர்ப்பேர்தான். ஆனால் அவள் வாயில் ஊர் என்றால் அவள் இல்லாத இடம். தமிழ்நாடு முழுக்கச் சேரிகளில் இப்படித்தான் பேசுகிறார்கள். இதை எந்த வட்டாரத்தில் சேர்ப்பது? தன்னையே வெளியே நிறுத்திக்கொண்டு பேச வைக்கிற சொல் இது. சொல்லும்போதெல்லாம் ஒரு கோடு கிழிக்கிறது.

‘காலனி’ இன்னொன்று. இது ஆங்கிலச் சொல். பட்டணத்தில் ரயில்வே காலனி, பேங்க் காலனி என்று கௌரவமாக எழுதி வைத்துக்கொள்கிறார்கள். கிராமத்தில் ‘நீ காலனியா?’ என்று கேட்டால் அது வீட்டு முகவரியைக் கேட்பதில்லை. கடன் வாங்கிய சொல்லைக்கூடச் சாதி தன் வேலைக்குப் பழக்கி எடுத்துக்கொண்டது. 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சரே சட்டமன்றத்தில், இந்தச் சொல் தீண்டாமையின் குறியீடாக ஆகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவிக்க வேண்டி வந்தது. நீக்கட்டும். ஆனால் ‘சேரி’யை விட்டுக் ‘காலனி’க்கு வந்த அதே கோடு, அடுத்து எந்தச் சொல்லில் போய் உட்காரப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது நம் வேலை.

மொழியியல்காரர்கள் இதைப் பார்க்கவே இல்லையா என்றால், பார்த்தார்கள். சாதிக்கும் தமிழ்க் கிளைமொழிக்கும் உள்ள உறவு பற்றிப் பிரெஞ்சு அறிஞர் ஜூல் பிளாக் 1910-லேயே எழுதினார். ஏ.கே. ராமானுஜன் 1968-ல் ஐயங்கார் பேச்சையும் முதலியார் பேச்சையும் எதிரெதிரே வைத்து ஆராய்ந்தார். ‘ஆத்துக்கு’, ‘வீட்டுக்கு’ என்பது மாதிரி வேறுபாடுகள் இன்றைக்கு எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கின்றன. நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் எந்த இரண்டு பேரை எடுத்துக்கொண்டார்கள் என்று கவனிக்க வேண்டும். பிராமணர் ஒருபக்கம், பிராமணர் அல்லாதார் மறுபக்கம். தமிழ்நாட்டு அரசியல் எப்படி இரண்டாகப் பிரித்துப் பார்த்ததோ, அதே மாதிரிதான் மொழியியலும் பெரும்பாலும் பார்த்தது. முதலியார் வீட்டில் வேலை செய்தவர் என்ன பேசினார், முதலியாரிடம் எப்படிப் பேசினார் என்கிற கேள்வி அந்த ஒப்பீட்டுக்குள் வரவில்லை. ‘பிராமணர் அல்லாதார் தமிழ்’ என்று ஒரே கூடையில் எங்களையும் போட்டு மூடிவிட்டார்கள்.

இதற்குப் பத்து வருசம் முன்னாலேயே ஜான் கம்பர்ஸ் என்கிற மொழியியலாளர் உத்தரப்பிரதேசத்து கிராமம் ஒன்றில் செய்த ஆராய்ச்சி 1958-ல் வெளிவந்திருந்தது. அந்த ஊரில் சமார்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் பேசுகிற பேச்சு மற்ற சாதிக்காரர்களின் பேச்சிலிருந்து தனியாக நின்றது. இத்தனைக்கும் அவர்கள் காலை முதல் இரவுவரை மற்றவர்களோடுதான் வேலை செய்கிறார்கள். நாள் முழுக்க ஒன்றாக இருந்தும் பேச்சு ஏன் ஒன்றாகவில்லை? கம்பர்ஸ் கண்ட பதில் எளிமையானது. பேச்சை ஒன்றாக்குவது வேலைத் தொடர்பு இல்லை, தோழமைத் தொடர்பு. சேர்ந்து வேலை செய்வதால் பேச்சு கலக்காது. சேர்ந்து விளையாடி, சேர்ந்து உட்கார்ந்து, சிரித்துப் பேசினால்தான் கலக்கும்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பீன்ஸ் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. களைவெட்ட, மருந்தடிக்க, மூடை சுமக்க நாம் வேண்டும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்கு நாம் வேண்டாம். பேச்சில் இருக்கிற வித்தியாசம் என்பது பல நூறு வருசமாகச் சேர்ந்து உட்கார விடாததின் கணக்கு. அதை ‘வட்டார அழகு’ என்று ரசிப்பவர்கள் எதை ரசிக்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

நம் இலக்கண மரபிலும் இந்தத் தந்திரம் பழசு. தொல்காப்பியம் செந்தமிழ் நிலத்தையும் அதைச் சேர்ந்த பன்னிரு நிலத்தையும் பிரித்துப் பேசுகிறது. அந்தப் பன்னிரண்டையும் உரையாசிரியர்கள் கொடுந்தமிழ் நாடு என்று எண்ணி எண்ணிப் பெயர் கொடுத்தார்கள். செம்மை என்றால் நேர். கொடுமை என்றால் வளைவு. நடுவில் இருப்பவனுடையது நேர்த்தமிழ், சுற்றி இருப்பவனுடையது கோணல் தமிழ். நிலத்தின் பெயரால் சொன்னாலும் அது தரம் பிரிப்புத்தான். நிலத்தின் போர்வை விலகி உள்ளே இருந்தது வெளியே வந்த சமயமும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் முற்போக்கு எழுத்தாளர்கள் மக்கள் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தபோது மரபுப் பண்டிதர்கள் அதற்கு ஒரு பேர் வைத்தார்கள்: இழிசனர் வழக்கு. கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்து எழுதியவர்கள். அவர்கள் எழுத்தைத்தான் அந்தப் பேர் குறிவைத்தது. பண்டிதர்கள் குறைந்தபட்சம் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். அவர்கள் வட்டாரம் என்று மழுப்பவில்லை. சனம் என்றார்கள், இழிவு என்றார்கள். டானியல் தொடர்ந்து எழுதி 1972-ல் ‘பஞ்சமர்’ நாவலைக் கொண்டுவந்தார். அந்தத் தலைப்பே பண்டிதர்களுக்குப் பதில்.

இங்கே அந்த வேலையைப் பள்ளிக்கூடம் சத்தமில்லாமல் செய்கிறது. தமிழ்ப் பாடத்தில் ‘வழூஉச் சொற்களைத் திருத்தி எழுதுக’ என்று ஒரு பயிற்சி வரும். வெத்திலை தப்பு, வெற்றிலை சரி. அருவாமனை தப்பு, அரிவாள்மணை சரி. நான் படித்த பள்ளியிலும் இது உண்டு. எழுத்துத்தமிழ் கற்றுக்கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை, அதைக் கற்றுத்தான் நான் எம்.ஏ. படித்தேன். சங்கதி வேறு. திருத்திய ஆசிரியரும் சந்தையில் ‘வெத்தல ஒரு கவுளி குடும்மா’ என்றுதான் கேட்பார். ஊரில் எல்லாச் சாதிக்காரர்களும் வெத்தல என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் வகுப்பில் ஊர்த்தெருப் பையன் சொன்னால் ‘கொச்சை’ என்று சிரித்துவிட்டுத் திருத்துவார்கள். நாங்கள் சொன்னால், ‘உங்க தெருப் பேச்சை இங்க கொண்டு வராதே’ என்பார்கள். ஒலி ஒன்றுதான். கேட்கிற காதுதான் இரண்டாகப் பிரிக்கிறது. கிளைமொழி வேறுபாடு வாயில் மட்டும் இல்லை, காதிலும் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். பேசுகிறவன் யார் என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சுக்குத் தரம் போடுகிறார்கள்.

பேச்சு மட்டுமில்லை, பேசாமல் இருப்பதையும் இப்படித்தான் எழுதிவைத்திருக்கிறார்கள். இங்கேதான் பளியர் சங்கதிக்கு வர வேண்டும். பழனிமலைப் பளியர்களைப் பற்றி தாமன் என்கிற ஏசுசபைப் பாதிரியார் 1908-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கப்புறம் 1960களில் பீட்டர் கார்ட்னர் என்கிற அமெரிக்க மானிடவியலாளர் மேற்குமலைச் சரிவுகளில் பளியர்களோடு இருந்து ஆராய்ந்து 1966-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பளியர்கள் மிகக் குறைவாகவே பேசுகிறார்கள், நாற்பது வயசு வாக்கில் ஏறக்குறைய மௌனமாகிவிடுகிறார்கள், அதிகம் பேசுகிறவரை அவர்கள் விரும்புவதில்லை என்று அதில் எழுதினார். பேச்சின் சமூகவியலைக் கட்டிய டெல் ஹைம்ஸ் இதை உதாரணமாக எடுத்துக்கொண்டார். எல்லாச் சமூகத்திலும் பேச்சுக்கு ஒரே இடம் கிடையாது என்று காட்ட நம் பளியர்கள் உலகம் சுற்றினார்கள்.

கார்ட்னரை நான் குற்றம் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் அதிகாரம் பண்ணாமல், சண்டைக்கு இடம் கொடுக்காமல், சமமாக மதிக்கிற வாழ்க்கையின் பகுதியாகத்தான் அவர் அந்தக் குறைந்த பேச்சைப் புரிந்துகொண்டார். பின்னாளில் 2000-ல் எழுதிய புத்தகத்தில், பளியர்கள் காட்டுக்குள் ஒரு முறையும் வெளி ஆட்களோடு இன்னொரு முறையும் என இரண்டு வாழ்முறைகளுக்கு இடையே மாறிமாறிப் போய்வருகிறவர்கள் என்றும் காட்டினார். ‘ஏய்’ என்று கூப்பிட ஆளே இல்லாத சமூகம் ஒன்று இந்த மலையில் இருந்தது என்பது நமக்குப் பெரிய செய்தி. ஆனால் அந்தச் செய்தி கைமாறிக் கைமாறி, ‘பளியர் பேசமாட்டார்கள்’ என்கிற ஒற்றை வரியாகச் சுருங்கியபோது அது வேறு வேலையைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. தங்களுக்குள் சமமாக இருப்பதால் வருகிற மௌனம் ஒன்று. எதிரில் நிற்கிறவனின் பலத்தால் வருகிற மௌனம் இன்னொன்று. இரண்டுக்கும் பேர் ஒன்றே என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

மலையில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்று சொல்ல வேண்டியதில்லை. பாதை ஒன்றை மறிப்பது பற்றிய பேச்சு. பளியர் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு ஓரமாகக் குத்தவைத்து இருந்தன. தேனுக்கும் கிழங்குக்கும் விறகுக்கும் அவர்கள் போகிற பாதை அது. அதிகாரி எழுத்துத்தமிழில் ஒரு தாளை வாசித்தார். ‘ஆட்சேபனை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்’ என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. ‘ஆட்சேபனை இல்லை’ என்று எழுதிக்கொண்டார். கூட்டம் முடிந்து மேட்டில் ஏறும்போது ஒரு அம்மா என்னிடம் சொன்னது: ‘அது நம்மகிட்டக் கேட்ட மாதிரியே இல்லயே. தாளுகிட்டல்ல பேசிக்கிட்டு இருந்தாரு.’ பத்து நிமிசம் அந்தப் பாதையைப் பற்றி, எந்த வளைவில் என்ன மரம் என்பதுவரை, அவர் பேசிக்கொண்டே வந்தார். பேசத் தெரியாதவர் பேச்சா அது? புத்தகத்தில் பண்பாடு என்று எழுதப்பட்ட மௌனம், கோப்பில் சம்மதம் என்று எழுதப்படுகிறது. காட்டின் மேல் உரிமை கிராமசபையில் பேசித்தான் கிடைக்கும் என்று 2006-ல் வனஉரிமைச் சட்டம் வந்த பிறகு, யாருடைய தமிழில் கூட்டம் நடக்கிறது என்பது காடு யாருக்கு என்பதைத் தீர்மானிக்கிற கேள்வியாகிவிட்டது.

பேச்சு ஒரு கூட்டத்தை உண்டாக்குவது போலவே பேரும் உண்டாக்குகிறது. 1868-ல் நெல்சன் வெளியிட்ட மதுரைக் கையேட்டிலும் பிந்திய ஆங்கிலேயக் குறிப்புகளிலும் இந்த மலைப் புலையர்கள் குன்னுவர்களின் நிலத்தில் அடிமைப்பட்டு உழைத்தவர்களாகத்தான் வருகிறார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டுப் பட்டியலில் புலையர் தாழ்த்தப்பட்ட சாதி. மலையின் மேற்குச் சரிவில் கேரள எல்லைக்குள் போனால் மலைப்புலையர் பழங்குடி. பட்டியலில் எழுதியிருக்கிற ஒரு சொல், மலையின் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் வேறுவேறு சான்றிதழ் கொடுக்கிறது. பேர் என்பது வெறும் பேர் இல்லை என்று நம் முன்னோர்களுக்குத் தெரியும். அயோத்திதாசர் 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கி ஒவ்வொரு சாதிச் சொல்லையும் தோண்டித் தோண்டி வேறு வரலாறு எழுதினார். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922-ல் பறையர், பஞ்சமர் என்ற பேர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுத அரசாணை வந்தது. சொல்லைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அரசியலாகப் புரிந்துகொண்டதில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் இல்லை.

இந்த இடத்திலிருந்து தலித் எழுத்துக்கு வருகிறேன். வட்டார நாவல் என்று சொல்லப்படுகிற பெரும்பாலான நாவல்களில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பாத்திரங்கள் மேற்கோள் குறிக்குள் பேச்சுத்தமிழ் பேசும். கதை சொல்கிறவர் வெளியே நின்று எழுத்துத்தமிழ் பேசுவார். யோசிப்பது, வருணிப்பது, தீர்ப்புச் சொல்வது எல்லாம் எழுத்துத்தமிழ். அழுவது, திட்டுவது, சிரிக்க வைப்பது பேச்சுத்தமிழ். ஊரும் சேரியும் பக்கத்துக்குப் பக்கம் பிரிந்து நிற்கிற மாதிரிதான் இது. கி. ராஜநாராயணன் போன்றவர்கள் கதைசொல்லியின் வாயிலேயே பேச்சைக் கொடுத்து இந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறார்கள், 1982-ல் கரிசல் சொற்களுக்கு அகராதியும் போட்டார்கள். ஆனால் 1992-ல் பாமாவின் ‘கருக்கு’ செய்தது இன்னொன்று. அதில் யோசிப்பதும் சேரிப்பேச்சுத்தான், சபையை விமர்சிப்பதும் சேரிப்பேச்சுத்தான், தீர்ப்புச் சொல்வதும் அதுதான். 1994-ல் வந்த ‘சங்கதி’யில் பெண்கள் அதே பேச்சில் வாதம் பண்ணுகிறார்கள். ‘இந்தப் பேச்சில் சிந்திக்க முடியாது’ என்கிற நம்பிக்கையை அந்த இரண்டு புத்தகங்களும் உடைத்தன. அதை விட்டுவிட்டு ‘விருதுநகர்ப் பக்கத்து வட்டார வழக்கு’ என்று குறிப்பு எழுதினால் அது விமர்சனமா?

பேச்சு சமூகத்தைக் காட்டுவதோடு நிற்காமல் சமூகத்தை ஆக்குகிறது என்பதற்கு வில்லியம் லபோவ் 1963-ல் எழுதிய ஆராய்ச்சியைச் சொல்லலாம். அமெரிக்காவில் மார்த்தாஸ் வினியார்ட் என்று ஒரு தீவு. கோடைகாலத்தில் பணக்கார விருந்தாளிகள் வந்து குவிவார்கள். வீடு, நிலம் எல்லாம் அவர்கள் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. தீவிலேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்த இளைஞர்கள் சில உயிரொலிகளைப் பழைய மீனவர்கள் மாதிரியே அழுத்திச் சொல்ல ஆரம்பித்தார்கள். விட்டுப் போக நினைத்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. தீவு எங்களது என்று அவர்கள் சொன்னது நாக்கால். சீசனுக்குச் சீசன் காட்டேஜுகள் முளைக்கிற கொடைக்கானலில் இருந்துகொண்டு இதைப் படித்தால் உடனே புரியும். நம் எழுத்தாளர்கள் அச்சில் சேரிப்பேச்சை வைப்பதும் இந்த மாதிரி ஒரு முடிவுதான். அந்தப் பேச்சில்தான் பிறந்தார்கள் என்பது சரி. ஆனால் எம்.ஏ.வும் பி.எச்டி.யும் முடித்து எழுத்துத்தமிழ் கைவந்த பிறகும் அதிலேயே எழுதுவது தெரிந்தெடுத்துச் செய்கிற காரியம். நாம் இங்கேதான் நிற்கிறோம் என்கிற அறிவிப்பு.

இதைச் சொல்லும்போதே நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ‘தலித் மொழி’ என்று ஒன்றைச் சொல்லி, அதற்குள் இருக்கிற மேலும் கீழும் மூடிவிடக் கூடாது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-ல் வந்தபோது நம் கூட்டத்துக்குள்ளேயே சர்ச்சை ஆனது. சேரிக்குத் துணி வெளுக்கிற ஆரோக்கியம் சேரிக்காரர்கள் முன்னால் என்ன பணிவோடு பேச வேண்டியிருக்கிறது என்பதை அந்த நாவல் காட்டியது. ஊர்த்தெருவில் நமக்கு என்ன பேச்சோ, அதே பேச்சை நாம் இன்னொருவரிடம் எதிர்பார்த்திருக்கிறோம். இந்த மலையிலும் அது உண்டு. கீழேயிருந்து வந்த நம்மாளுகளே பளியர் பேச்சை இழுவைப் பேச்சு என்று கேலி பண்ணுவதையும், தாத்தா வயசு ஆளை ‘ஏய் பளியா’ என்று கூப்பிடுவதையும் நான் கேட்டிருக்கிறேன். தலித் இதழ்களில் இந்த மலை ஆட்களின் சொந்தப் பேச்சு எத்தனை பக்கம் வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் நமக்கு நாமே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தமிழில் வழக்கு என்கிற சொல்லுக்கு இரண்டு பொருள். பேசிப் பழகி வருவதும் வழக்கு, கோர்ட்டில் தொடுப்பதும் வழக்கு. நமக்கு இரண்டும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கிறது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. மற்றவர் பார்க்கிற இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது குற்றம் என்றது. 2015-ல் செய்த திருத்தம், சாதிப்பேர் சொல்லித் திட்டுவதையே தனியாகக் குறிப்பிட்டுக் குற்றமாக்கியது. பேச்சு வழக்காக இருந்ததைச் சட்டம் குற்ற வழக்காக மாற்றிய இடம் இது. ஆனால் ‘பொதுப்பார்வை’ என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். 2020-ல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்சநீதிமன்றம், நாலு சுவருக்குள் வெளியாள் யாரும் இல்லாமல் பேசியது அதில் அடங்காது என்று சொன்னது. மலைச்சரிவில் வேலி போட்ட தோட்டத்துக்குள்ளே தோட்டக்காரரும் அவரிடம் கூலி வாங்குகிறவர்களும் மட்டும் நிற்கும்போது யார் பொதுமக்கள், எது பொதுப்பார்வை? அங்கே விழுகிற ‘ஏய்’க்குச் சாட்சி சொல்ல யார் வருவார்கள்?

வேலிக்குள்ளே நடந்த அந்தப் பேச்சை வெளியே கொண்டுவந்து நாலுபேர் பார்வையில் வைக்கிற வேலையைத்தான் தலித் எழுத்து செய்துகொண்டிருக்கிறது. யார் யாரை எப்படிக் கூப்பிட்டான், அவர் என்ன வாய்ச்சொல்லோடு திரும்பினார், எங்கே திரும்பாமல் நின்றார் என்று அது பதிவு பண்ணுகிறது. எனவே விமர்சகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தலித் நாவலைக் கையில் எடுக்கும்போது புரியாத சொற்களுக்கு அடிக்கோடு போட வேண்டாம். ‘வா’, ‘வாங்க’, ‘ஏய்’, ‘சாமி’ என்கிற, எல்லாருக்கும் புரிந்த சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள். யார் வாயிலிருந்து யாருக்குப் போகிறது என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே போங்கள். புத்தகம் முடியும்போது உங்கள் கையில் ஒரு கிராமத்தின் கணக்கு இருக்கும். அதற்குப் பிறகு அது வட்டார வழக்கா, வேறு வழக்கா என்று பேசலாம்.